வார்னிஷ் அடித்த கூடை

அம்மா,

உன் கொழுந்துக் கூடைக்கு வார்னிஷ் அடித்துவிட்டார்கள். அண்ணன் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனதும் முகத்தில் அடித்தது அந்த வாசனைதான். புதுக் கதவுக்கும் ஜன்னல் சட்டங்களுக்கும் அடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைப் பக்கம் போனேன். மேசையில் பழைய பேப்பர் விரித்து, அதன் மேல் உன் கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பாகு ஊற்றியது போலப் பளபளத்தது. தொட்டேன். விரலில் ஒட்டியது.

அந்த டின் நான் வேலை செய்கிற கடையிலிருந்து போனதுதான். தலவாக்கலை டவுனில் ஹார்ட்வெயார் கடை, உனக்குத் தெரியும். முதலாளி நானா முந்தின நாளே என்னிடம் சொன்னார். "ஒங்கட அண்ணன் வந்தாரு மகள். நல்ல வார்னிஷா தாங்க, மனசுக்கு நெருக்கமான சாமான் ஒண்டுக்கு அடிக்கணும் எண்டாரு. கலியாணக் கட்டிலோ எண்டு கேட்டேன், வெக்கப்பட்டுட்டு ஓடிட்டாரு." நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் வாய் கசக்கிறது.

நீ போன பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணன் கத்தாரிலிருந்து திரும்பிவிட்டான். கொழும்பில் ஆள் வைத்து அலுமினிய ஜன்னல் போடுகிற வேலை. நன்றாக ஓடுகிறது. அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டான். இப்போது நம் தோட்டத்துக்குக் கீழே, வட்டகொடை ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இருக்கிறதே தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் வீடு, அதை வாங்கிவிட்டான். அந்த வீட்டுப் பின்கட்டில் விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டு நீ நின்றுகொண்டிருப்பாய். கிளாக்கர் அம்மா உனக்கென்று தனியாக வைத்திருந்த தகரக் குவளையில் தேத்தண்ணி ஊற்றுவார். குடித்துவிட்டு நீயே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். அந்த வீடுதான் இப்போது நம் குடும்பத்தின் விடுமுறை வீடு. ஏப்ரல் லீவுக்கும் டிசம்பர் லீவுக்கும் கொழும்பிலிருந்து வந்து தங்குவதற்கு.

விடுமுறை வீடு என்று அண்ணன் போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான்கு தலைமுறையாகத் தோட்டத்து லயத்தில் ஒற்றை அறைக் காம்பிராவில் கிடந்தோம். அந்தக் காம்பிராவின் சுவரும் கூரையும் இன்றைக்கும் தோட்டத்துக்குச் சொந்தம். நீ செத்த கையோடு, இங்கே தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்பவர் யாரும் இல்லையே, எப்போது காலி பண்ணப் போகிறாய் என்று என்னைக் கேட்டு ஆள் வந்தது. இருக்க வீடில்லாதவர்களுக்கு லீவுக்கு ஒரு வீடு. "நீ அங்கயே வந்து இருந்துக்க பாப்பா. வீட்டையும் பாத்துக்கிட்ட மாதிரி இருக்கும்" என்றான் அண்ணன். பாசமாகத்தான் சொன்னான். எனக்குக் காதில் விழுந்தது வேறு. வருஷத்தில் இரண்டு முறை வந்து தங்குகிறவர்களுக்காக வருஷம் முழுக்கப் பெருக்கித் துடைக்க ஒரு தங்கச்சி.

பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் உதவிக்குப் போனேன். அன்றுதான் கூடையைப் பார்த்தது. லயத்திலிருந்து அண்ணன் எடுத்துப்போன நம் சாமான்களால் அண்ணி சுவர்களை நிரப்பிக்கொண்டிருந்தார். அப்பா தேயிலைச் செடி வெட்டிய கவ்வாத்துக் கத்தியைத் துரு நீக்கி, வாசல் பக்கத்துச் சுவரில் இரண்டு ஆணியில் படுக்க வைத்திருந்தார். நம் எனாமல் கோப்பைகள், விளிம்பு பெயர்ந்தவைகூட, ஜன்னல் திட்டில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னச் செடி. சோபாவில் இருந்த மெத்தைத் தலையணைகளைப் பார்த்தேன். முரட்டுச் சாக்குத் துணி. எங்கேயோ பார்த்த துணி. ஓரத்தில் நீ நீல நூலில் போட்ட தையல் அப்படியே இருந்தது. மழைக்கும் செடிக் குச்சிக்கும் நீ இடுப்பில் சுற்றிக் கட்டுவாயே, அந்தப் படங்கு. வெட்டித் தலையணை உறை தைத்துவிட்டார்.

"எப்பிடி இருக்கு?" என்று அண்ணி கேட்டார். "கடையில வாங்கி நிரப்புறதுல எனக்கு இஷ்டமில்ல. வீட்டுல இருக்கிற ஒவ்வொரு சாமானும் நம்மட கதையா இருக்கணும். அத்தைய நான் பாத்ததே இல்ல. இதையெல்லாம் தொட்டா பாத்த மாதிரி இருக்கு."

கெட்டவர் இல்லை அம்மா. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கெட்டவராக இருந்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போயிருப்பேன்.

அண்ணன் ஹாலின் மேற்குச் சுவரை இடித்து முழுக்கக் கண்ணாடி போட்டிருக்கிறான். தொழில் அதுதானே. சோபாவில் உட்கார்ந்தால் நேரே ஏழாம் நம்பர் மலை தெரிகிறது. வரிசை வரிசையாகத் தேயிலை, நடுவில் நிழல் மரங்கள், கீழே வண்டி போகிற கரத்தை ரோடு. வருகிறவர்கள் எல்லாரும் போட்டோ எடுக்கப் போகும் இடம். நீ செத்த மலை.

உன் கூடையை நாங்கள் தொடவே பயப்படுவோம். மழை நாளில் அதை அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைப்பாய். நாங்கள் நனைந்து வந்தால் "துண்ட எடுத்துத் தொவட்டிக்க" என்பதோடு சரி. ஒரு முறை அண்ணன் அதைக் கவிழ்த்து மேலே உட்கார்ந்துவிட்டான். நீ அகப்பையோடு அவனை லயத்தைச் சுற்றித் துரத்தினாய். பக்கத்துக் காம்பிரா செல்லம்மாக்கா வாசல் இஸ்தோப்பில் நின்று, "விடு புள்ள, கூடை உடைஞ்சா வேற வாங்கலாம், புள்ள உடைஞ்சா என்ன பண்ணுவ?" என்று கத்தினார். நீ நிற்காமலே, "புள்ள தானா கூடிக்கும், கூடைய எவன் கட்டித் தருவான்?" என்றாய். லயமே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். இன்று அதை எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

பள்ளி லீவில் நான் உனக்குச் சோறு கொண்டுவந்த ஒரு நாள், மலையில் திடீரென்று இடி இறங்கியது. எல்லாரும் ரோட்டுக்கு ஓடினார்கள். நான் உன் சேலையைப் பிடித்து இழுத்தேன். நீ தலைக் கயிற்றைச் சரிசெய்து, நிறைந்த கூடையை முதுகில் ஏற்றிக்கொண்டுதான் இறங்கினாய். "எது வந்தாலும் கூடைய விட்டுட்டு ஓடாத. ஓடுனா அந்த நாளே இல்லாமப் போயிரும்" என்றாய். அப்போது எனக்குப் புரியவில்லை. மாலையில் மடுவத்துக் கொட்டகையில் கொழுந்தை நிறுக்கும்போது, மலையில் உங்களை மேய்க்கிற கண்டாக்கு சொன்ன நிறை தேறினால் உனக்கு முழுப்பேர், முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். காலையிலிருந்து நீ குனிந்ததும் அட்டைக்கடி பட்டதும் நனைந்ததும் பாதிதான் நடந்தது என்று அர்த்தம்.

அண்ணன் ஏணியில் நின்று கணப்புக்கு மேலே ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

"பாப்பா, கூடை காஞ்சிருச்சா பாரு. எடுத்துக் குடு."

"காயல."

"பரவால்ல, குடு."

"இத இங்க எதுக்கு மாட்டுற?"

"பின்ன எங்க மாட்ட? கக்கூஸ்லயா?" என்று சிரித்தான்.

"எங்கயும் மாட்டாத."

சுத்தியல் நின்றது. "ஏன்? அம்மா இந்த வீட்டுல இருக்கக் கூடாதா? நாளைக்கு வர்றவங்க பாக்கட்டும். எங்கம்மா கொழுந்து பறிச்சுத்தான் எங்கள வளத்தாங்கன்னு தெரியட்டும். எனக்கொண்ணும் வெக்கமில்ல."

"வெக்கமில்லன்னா ஒன்னோட ஹெல்மெட் எங்க?"

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "என்ன ஹெல்மெட்?"

கத்தாரில் கட்டட வேலை செய்தபோது அவன் போட்டிருந்த மஞ்சள் ஹெல்மெட். உள்பட்டையில் வியர்வை உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கிறது. திரும்பி வந்த அன்று அதை ஒரு சாக்கில் கட்டி, லயத்தில் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது.

"அது வேற" என்றான் அண்ணன்.

"என்ன வேற?"

"அதுல என்ன அழகு இருக்கு, சுவத்துல மாட்ட?"

"அம்மா கூடையில மட்டும் என்ன அழகு இருந்துச்சு? நீ பட்டத சாக்குல கட்டி ஒளிச்சு வப்ப. அம்மா பட்டத மட்டும் வார்னிஷ் அடிச்சு ஹால்ல மாட்டுவ."

"நீ அந்த லயத்துல கெடந்து கெடந்து எல்லாத்தையும் சண்டையாத்தான் பாக்குற."

"ஆமா, கெடக்கிறேன். நாளையிலருந்து ஒன் பங்களாவுக்கு வாச்சரா வந்து கெடக்கிறேன். போதுமா?"

அண்ணி நடுவே வந்தார். "வார்னிஷுக்கா இவ்வளவு கோவம்? பூச்சி அரிக்காம இருக்கட்டும் எண்டுதான் நான் அடிக்கச் சொன்னேன். அது என்ட பிழை."

அவர் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் நான் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன். பிழை யாருடையது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது என்பதுதான் என்னைப் பேச வைத்தது.

"அண்ணே, அன்னிக்கு அம்மா மொதல்ல தப்பிச்சு ரோட்டுக்கு வந்துட்டாங்க. அது ஒனக்குத் தெரியுமா?"

ஏணியில் நின்றபடியே திரும்பினான். "குளவி கொட்டி மலையிலயே போயிட்டாங்கன்னுதான நம்ம தாய்மாமா போன்ல சொன்னாரு."

"மலையிலதான் போனாங்க. ரெண்டாவது தடவை ஏறினப்ப."

நான் அன்றைக்குக் கடையில் இருந்தேன். உன் பக்கத்து வரிசையில் பறித்தது செல்லம்மாக்கா. உன்னைக் குளிப்பாட்டிய இடத்தில் வைத்து, என் காதருகே குனிந்து, அவர் சொன்னதுதான் எனக்குத் தெரியும். அதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன். மலை நடுவில் ஒரு நிழல் மரத்தில் குளவிக் கூடு பெருத்துவிட்டது என்று நீங்கள் எல்லாரும் தோட்டத்து ஆபீஸில் முன்பே சொல்லியிருந்தீர்கள். பார்க்கலாம் என்றார்கள். பார்க்கவில்லை. அன்று குளவி கலைந்ததும் எல்லாரும் கூடையைப் போட்டுவிட்டுச் சரிவில் விழுந்து ஓடினீர்கள். நீயும் போட்டுவிட்டு ஓடினாய். கரத்தை ரோட்டில் மூச்சு வாங்க நின்றாய். கழுத்தில் இரண்டு மூன்று கொட்டு, அவ்வளவுதான். "என் மூஞ்சி வீங்கிருச்சா, அழகாயிட்டேனா?" என்று செல்லம்மாக்காவிடம் கேட்டிருக்கிறாய். பிறகு மேலே பார்த்திருக்கிறாய். மற்றவர்களின் கூடைகள் பாதி. உன்னுடையது நிறைந்து நின்றது. கண்டாக்கு தூரத்தில் குடையோடு நின்றுகொண்டு, "லொறி வந்துரும், பகல் நிறுவை நேரமாச்சு" என்றார். போய் எடு என்று அவர் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. நீ படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஏறினாய்.

உன்னைத் தூக்கும்போது கயிறு கையில் இருந்ததாம். விரலைப் பிரித்துத்தான் எடுத்தார்களாம். அந்தக் கொழுந்தை மடுவத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தார்கள். பின்னேரம் நீ வேலை செய்யவில்லை என்று உனக்கு அரைப்பேர் போட்டார்கள்.

அண்ணன் ஏணியிலிருந்து இறங்கி, அந்தச் சாக்குத் தலையணையின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கத்தார்ல கட்டடத்து உச்சியில நின்னுக்கிட்டிருந்த. கைகால் நடுங்கி நீயும் விழுந்துட்டா என்ன பண்றதுன்னு மாமா சொல்ல வேணாம்னுட்டாரு."

அவன் அழவில்லை. கண்ணாடி வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் கையால் அளவெடுத்து, தன் ஆட்களை வைத்துப் பொருத்திய கண்ணாடி. அண்ணிதான் மெதுவாகச் சொன்னார், "எடுத்துருவோமுங்க. அலுமாரியில பத்திரமா வச்சுருவோம். நாளைக்கு அப்பா அம்மா வேற வர்றாங்க."

"இல்ல" என்றான். "இங்கதான் இருக்கணும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "அப்ப கேக்கிறவங்ககிட்ட சொல்லு. முழுசாச் சொல்லு. அம்மா கொழுந்து பறிச்ச கூடைன்னு பெருமையா ஆரம்பிச்சு அதோட நிறுத்துனன்னா, எல்லாரும் பாத்துக்கிட்டிருக்கும்போதே எறக்கி அடுப்புல வப்பேன்."

"சொல்றேன்."

நான் நம்பவில்லை. அவன் மாமனார் முன்னால் உட்காரும்போது கால்மேல் கால் போடாதவன். நம் லயத்தின் பெயரையே அவர்களிடம் சொல்லாமல், "தலவாக்கலைப் பக்கம்" என்று சொல்லிப் பெண் எடுத்தவன்.

மறுநாள் காலையில் பால் பொங்கியது. கொழும்பிலிருந்து அண்ணியின் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். லயத்திலிருந்து செல்லம்மாக்காவும் இன்னும் சிலரும் வந்திருந்தார்கள். சோபாவில் இடம் இருந்தது. ஆனாலும் பால் பொங்கிய குசினி வாசலில் பாயைப் போட்டு அதில்தான் உட்கார்ந்தார்கள். அண்ணி இரண்டு தடவை எழுப்பிப் பார்த்தார். "இதுதான் தோதா இருக்கு தங்கம்" என்று செல்லம்மாக்கா மறுத்துவிட்டார். நான் கணப்புக்குப் பக்கத்தில் நின்றேன். கை எட்டுகிற தூரத்தில் கூடை.

அண்ணியின் அப்பா கேட்டே விட்டார். "மாப்பிள்ள, இது எங்க வாங்கினது? கொழும்புல இப்பிடி ஒண்டு எடுக்க ஏலாது."

"வாங்கினதில்ல மாமா. அம்மாவோடது."

"ஓ! தேயிலை எடுத்ததோ? நல்ல விசயம். இப்பிடி ஞாபகமா வச்சிருக்கிறது நல்ல விசயம்."

"ஆமா" என்றான் அண்ணன்.

நான் அவன் முகத்தையே பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். "ஆமா மாமா. அன்னிக்கு…" என்றான். தேத்தண்ணிக் கிளாஸை எடுத்தான், வைத்தான். அவர் வேறு பேச்சுக்குத் தாவி, கண்ணாடி என்ன விலை என்று கேட்கத் தொடங்கினார். முடிந்தது என்று நினைத்தேன். என் கை கூடையின் கயிற்றைப் பிடித்துவிட்டது.

"அப்பா, கொஞ்சம் கேளுங்க." அண்ணி. கையில் பலகாரத் தட்டு. "அத்தை குளவிக்குத் தப்பி ரோட்டுக்கு வந்துட்டாங்க. இந்தக் கூடைய எடுக்கத் திரும்பிப் போய்த்தான் செத்தாங்க. அந்தா தெரியுதே, அந்த மலையில."

குரல் ஆடவில்லை. அங்கே இப்படி ஒருவர் பேசுவார் என்று எதிர்பார்த்திருந்தாலும், அது அண்ணியாக இருக்கும் என்று நான் நினைத்திருக்க மாட்டேன்.

அண்ணியின் அம்மா நெஞ்சில் கை வைத்தார். "ஐயோ, ஒரு கூடைக்காகவா? வேற ஒண்டு வாங்கியிருக்கலாமே!"

"கூடைக்காக இல்ல மாமி." இப்போது அண்ணனுக்கு வாய் திறந்துவிட்டது. "அதுல கெடந்த கொழுந்துக்காக. நிறை தேறலன்னா அரைப்பேர் போட்டுருவாங்க. எங்கம்மா திரும்பிப் போயும் அரைப்பேர்தான் போட்டாங்க."

அண்ணியின் அப்பா கண்ணாடிப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தவர், நாற்காலியை மெல்ல இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். குசினி வாசலிலிருந்து செல்லம்மாக்காதான் பேசினார். வாயில் லட்டு இருந்தது.

"நல்லாத்தான் மினுக்கி வச்சிருக்கீங்க. அவ உசுரோட இருந்தா, கயிறு வழுக்குதுன்னு எல்லாரையும் வெளுத்திருப்பா." லட்டை விழுங்கிவிட்டுச் சொன்னார், "இப்ப நாங்க யாரும் திரும்பிப் போறதில்லம்மா. குளவி கலைஞ்சா கூடைய போட்டுட்டு ஓடியாந்துருவோம். எவ கூடை மேல நின்னுபோச்சோ அவளுக்கு எங்க மடியில கெடக்கிறதுல ஆளுக்கு ரெண்டு கை கொழுந்து போடுவோம். கண்டாக்கு கேட்டா, அவ பறிச்சதுதான்னு எல்லாரும் ஒரே வாயா சொல்லுவோம். அவருக்கும் தெரியும். பேசாம நிறுத்துக்கிட்டுப் போயிருவாரு."

"எப்பருந்து?" என்றான் அண்ணன்.

"ஒங்கம்மா போனதுலருந்துதான்."

கூடை சுவரிலேயே இருக்கிறது அம்மா. நான் எடுக்கவில்லை. ஆனால் சமாதானம் ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. செல்லம்மாக்கா சொன்னதைக் கேட்டு அண்ணி அழுதார், அண்ணன் எழுந்து வெளியே போனான். எனக்கு வந்தது கோபம்தான். ஆளுக்கு இரண்டு கை. அன்றைக்கும் உன்னோடு ரோட்டில் நின்றவர்கள் இதே பெண்கள்தான். அவர்களிடம் கூடை இல்லாவிட்டாலும் மடியில் கொழுந்து இருந்தது, நாளைக்கு ஈடு கட்டலாம் என்று சொல்ல வாய் இருந்தது. ஒருத்திக்கும் தோன்றவில்லை. கேட்க உனக்கும் தோன்றவில்லை. நிறைந்த கூடையை விட்டுவிட்டு நிற்பது ஒரு குற்றம் என்று உங்கள் எல்லாருக்கும் அவ்வளவு ஆழமாகப் பழக்கிவைத்திருந்தார்கள். அந்தக் குளவிக் கூட்டை அகற்றாதவர்கள் இன்னும் தோட்டத்து ஆபீஸில் அதே நாற்காலியில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுச் சுவரில் என்ன மாட்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

நான் அந்த வீட்டுக்குக் குடிபோகவில்லை. லயத்தில்தான் இருக்கிறேன், விரட்டும்வரை இருப்பேன். காலை பஸ்ஸில் கடைக்குப் போகும்போது அடிக்கடி அந்தச் செய்தி காதில் விழும். பொகவந்தலாவைப் பக்கம் குளவி கொட்டு, நல்லதண்ணிப் பக்கம் குளவி கொட்டு. எத்தனை பேர், எந்த ஆஸ்பத்திரி என்று மற்றவர்கள் கேட்பார்கள். நான் கேட்பது ஒன்றுதான், யாரென்றே தெரியாத அந்தப் பெண்ணைப் பற்றி.

"கூடைய விட்டுட்டு ஓடுனாங்களா?"

சொல்கிறவர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். ஓடினார்கள் என்று அவர் சொல்லும்வரை நான் மூச்சு விடுவதில்லை.